தாத்தா குட்டையில் மறுபடியும் தூண்டில்: தூர்ந்த கொல்லைக் குட்டையை மீட்பது எப்படி?

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு குட்டை உண்டு. 10 சென்ட்; பழைய கணக்கில் 30 குழி. அப்பாயி காலத்தில் மாடு குளிப்பாட்டியதும் நாங்கள் நீச்சல் பழகியதும் அதில்தான். 2018 நவம்பரில் கஜா புயல் நாலு தென்னையை அதற்குள் சாய்த்துப் போட்டது. எடுக்க ஆளில்லை. அதன் மேலேயே மட்டையும் குப்பையும் கொட்ட ஆரம்பித்தோம். கொஞ்ச வருஷத்தில் நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டி, பாம்புக்குப் பயந்து யாரும் எட்டிப் பார்க்காத இடமாகிவிட்டது.

2024 கோடையில் அதை மீட்டோம். செய்ததையும் சொதப்பியதையும் வரிசையாகச் சொல்கிறேன். லாபத்துக்கு மீன் வளர்க்கிறவர்கள் வேறு கணக்குப் போடுவார்கள். சாயங்காலம் தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார ஓர் இடம் வேண்டும் என்று நினைப்பவர்கள் மேலே படியுங்கள்.

முதலில் காகிதம்

தாத்தா காலத்திலிருந்து நாம் புழங்குகிறோம் என்பதாலேயே குட்டை நம்முடையது ஆகிவிடாது. பட்டா, அ-பதிவேடு (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் கிராமக் கணக்கு), புலப்படம் (எல்லை காட்டும் வரைபடம்) மூன்றையும் பாருங்கள். குளம் அல்லது குட்டைப் புறம்போக்கு என்று இருந்தால் அது ஊர்ப் பொது. நீங்களாக இயந்திரத்தை இறக்கக் கூடாது. கூட்டுப் பட்டாவாக இருந்தால் பங்காளிகளிடம் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மீன் பிடிபட்ட பிறகு சொன்னால் பேச்சு வேறு மாதிரி போகும். தோண்டும் மண்ணைச் சொந்தக் கரைக்கும் வயலுக்கும் போடுங்கள். சூளைக்கு விற்கலாமே என்று லாரியில் ஏற்றினால் கனிமவளத் துறை அனுமதி இல்லாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

தண்ணீர் வந்த வழியும் போன வழியும்

எல்லோரும் பொக்லைனில்தான் ஆரம்பிப்பார்கள். நானும் வண்டிக்குச் சொல்லிவிட்டேன். சித்தப்பா வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, இந்தக் குட்டைக்குத் தண்ணி எந்தப் பக்கமா வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

எனக்கு நினைவில்லை. அவரே வேலியோரமாக நடந்து காட்டினார். கிளை வாய்க்காலிலிருந்து ஒரு கன்னி வாய்க்கால் பிரிந்து எங்கள் குட்டைக்கு வந்திருக்கிறது. எப்போதோ பாதை போட்டபோது அதன் குறுக்கே மண்ணைத் தள்ளி மூடிவிட்டோம். கஜாவுக்கு ரொம்ப முன்னாலேயே குட்டை சாகத் தொடங்கிவிட்டது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. வாய்க்கால் ஓடியிருந்தால் தண்ணீர் நின்றிருக்கும். தண்ணீர் நின்றிருந்தால் யாருக்கும் குப்பை கொட்ட மனசு வந்திருக்காது.

ஆகவே பொக்லைனைத் தள்ளிப்போட்டு, இரண்டு ஆள், மண்வெட்டி, இரண்டு நாள். பாதைக்கு அடியில் 6 அங்குலக் குழாய் ஒன்றைப் பதித்தோம்.

இதில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, வயலிலிருந்து வடியும் தண்ணீர் குட்டைக்குள் வரவே கூடாது. குறுவைக்கு அடிக்கும் பூச்சிமருந்து அதோடு வரும், மீன் தாங்காது. வாய்க்கால் தண்ணீர் நேராக வர வேண்டும். இரண்டு, உபரி வெளியேற வரத்துக்கு எதிர்ப்புறம் ஒரு வழி வேண்டும். கரையின் மட்டத்துக்கு ஒன்று, ஒன்றரை அடி கீழே ஒரு குழாய் வைத்து வடிகாலில் விட்டால் போதும். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் கரையை அறுத்துக்கொண்டு தானே வழி பார்த்துக்கொள்ளும். மூன்று, இரண்டு குழாயின் வாயிலும் சன்னமான வலை கட்டுங்கள்.

வற்றவிட்டு வெடிக்கவிடுவது

மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். வாய்க்கால் காய்ந்து கிடக்கும் பங்குனி, சித்திரைதான் நமக்கு வேலைக்காலம். மிச்சத் தண்ணீரை இன்ஜின் வைத்து இறைத்துவிடுங்கள்.

செடியை அகற்றும்போது காட்டாமணக்கை வேரோடு பிடுங்கித் தூரப் போட வேண்டும். வெட்டிப்போட்ட தண்டு ஈரம் கண்டால் அப்படியே துளிர்க்கும். வெங்காயத்தாமரையைக் கரையிலேயே குவித்தால் முதல் மழையில் பாதி உள்ளே திரும்பி வரும். தள்ளிக் கொண்டுபோய் மட்க வையுங்கள். புதருக்குள் கை விடுமுன் கம்பால் தட்டுங்கள். தண்ணீர்ப் பாம்பு பரவாயில்லை, கண்ணாடி விரியன் அப்படியில்லை.

பிறகு சும்மா இருங்கள். அடிச்சேறு பாளம் பாளமாக வெடித்து, நடந்தால் கால் பதியாத நிலை வரும்வரை வெயில் வேலை செய்யட்டும். சேற்றில் தேங்கிய கெட்ட வாயு போகும். பழைய மீனும் ஒழியும். விராலும் கெளுத்தியும் மேலே வந்து காற்றைக் குடிக்கும் ஜாதி. ஈரச் சேறு ஒரு மூலையில் இருந்தாலும் பிழைத்துக் கிடந்து, பின்னால் நீங்கள் விடும் குஞ்சுகளை எண்ணி எண்ணித் தின்னும். ஊற்று இருந்து முழுக்க வற்றாத குட்டையா? ஒரு அடித் தண்ணீர் நிறுத்தி இலுப்பைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து விடுங்கள். 10 சென்ட்டில் ஒரு அடித் தண்ணீருக்கு 30 கிலோ கணக்கு. விஷம் இறங்க 3 வாரம் ஆகும். அதன்பின் அதுவே உரமாகிவிடும்.

தோண்டுவது: நான் சறுக்கிய இடம்

எங்கள் குட்டையில் 2 அடி வண்டல் இருந்தது. சுமார் 4,000 சதுர அடிக்கு 8,000 கன அடி; 100 கன அடி ஒரு யூனிட், அதாவது 80 யூனிட். டிராக்டர் டிப்பருக்கு ஒரு யூனிட் என்றால் 80 நடை. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வாடகை பேசினால் ஏமாற மாட்டீர்கள்.

வண்டல் முடிந்து களி வந்தது. பொக்லைன் ஓட்டிய பையன், "அண்ணே, வண்டிதான் நிக்குதே, இன்னும் ரெண்டு அடி போட்டுடவா?" என்றான். ஆழம் கூடினால் நல்லதுதானே என்று தலையாட்டினேன். வடகிழக்கு மூலையில் பளபளவென்று ஆற்று மணல் வெளியே வந்தது.

டெல்டா மண்ணின் குணமே அதுதான். காவிரி காலங்காலமாக மாற்றி மாற்றிப் போட்ட அடுக்கு. மேலே களி இருக்கும், கீழே எங்கே மணல் இருக்கும் என்பது பக்கத்துக் கொல்லைக்கே மாறும். களிதான் நம் குட்டையின் அடிப்பாத்திரம். அதைக் குத்தினால் தண்ணீர் நிற்காது. எடுத்த களியையே திரும்பப் போட்டு, அரை அடி அரை அடியாக நனைத்து இடித்து அடைக்க எனக்கு மூன்று நாள் கூடுதல் வாடகை. நீங்கள் முதலிலேயே நாலு இடத்தில் கடப்பாரையால் குழி போட்டுப் பாருங்கள். மண்ணை நனைத்து உருட்டித் தூக்கிப்போட்டுப் பிடித்தால் உடையாமல் இருக்க வேண்டும். உதிர ஆரம்பிக்கும் இடத்துக்கு ஒரு அடி மேலேயே நிறுத்திவிடுங்கள். 5 அடி, 6 அடித் தண்ணீர் மீனுக்குத் தாராளம்.

கரையைச் சுவர் மாதிரி வெட்டாதீர்கள், சரிந்துவிடும். 1 அடி ஆழத்துக்கு ஒன்றரை அடி சரிவு விட வேண்டும். ஒரு பக்கம் இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் போகாத திட்டும் அதில் இறங்கப் படியும் வையுங்கள். களிமண் கரை நனைந்தால் பெரியவர்களுக்கே வழுக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் வேலியும், கரையில் எப்போதும் தொங்கும் ஒரு கயிறும் டயர் டியூபும் கட்டாயம். கரை அரிக்காமல் இருக்க வெட்டிவேர் நட்டேன். வேர் நேர் கீழே இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

சுண்ணாம்பு, சாணி, புதுத்தண்ணீர்

காய்ந்த அடியில் 10 கிலோ சுண்ணாம்பைத் தூவுங்கள். ஒரு வாரம் கழித்து 100 கிலோ சாணி. இலுப்பைப் புண்ணாக்கு போட்டிருந்தால் சாணி பாதி போதும்.

2024-ல் மேட்டூரை ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். ஆடிப்பெருக்கு கழிந்து எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது, ஓடிப்போய் மடையைத் திறக்க எல்லோருக்கும் கை பரபரத்தது. திறக்கவில்லை. முதல் தண்ணீர் நுங்கும் நுரையுமாக வரும். வாய்க்காலில் கிடந்த பிளாஸ்டிக், வெங்காயத்தாமரை, கெளுத்திக் குஞ்சு எல்லாம் அதில் இருக்கும். நாலைந்து நாள் போகவிட்டு, தண்ணீர் தெளிந்த பிறகு வாங்கினோம்.

முதலில் அரை அடி மட்டும் நிறுத்தி, நடவு வயலுக்கு உழுவதுபோலச் சேறு கலக்கினோம். களி குழைந்து படிந்து ஓட்டைகளை மூடும். அதன் பிறகுதான் முழுசாக நிரப்பியது. கசிகிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி: படியில் ஒரு வாளித் தண்ணீரை வையுங்கள், குட்டையில் ஒரு குச்சி நட்டுக் கோடு போடுங்கள். வெயில் இரண்டிலும் ஒரே அளவுதான் குடிக்கும். குட்டை வாளியைவிட அதிகமாக இறங்கினால் எங்கோ ஓட்டை.

இரண்டு, மூன்று வாரத்தில் தண்ணீர் இளம்பச்சை ஆகும். அழுக்கு என்று பயப்படாதீர்கள், அதுதான் மீனுக்குச் சோறு. கையை நீட்டி முழங்கை வரை நேராக இறக்குங்கள். உள்ளங்கை அதற்கு முன்பே மறைந்தால் பச்சை அதிகம், சாணியை நிறுத்துங்கள். முழங்கை முங்கியும் விரல் பளிச்சென்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் போடலாம்.

மீன் விடுவது

கட்லா மேல்தண்ணீரிலும் ரோகு நடுவிலும் மிர்கால் அடியிலும் மேயும். பண்ணைக்காரர்கள் கட்லாவைத்தான் அதிகம் விடுவார்கள், சீக்கிரம் எடை போடும் என்பதால். ஆனால் கட்லா தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்பது. தூண்டில் பக்கம் அவ்வளவாக வராது. எனக்குத் தக்கை முங்குவதைப் பார்க்க வேண்டும். அதனால் 40 கட்லா, 60 ரோகு, 50 மிர்கால். 10 சென்ட்டுக்கு 150 போதும். நெருக்கினால் எல்லாமே விரல் நீளத்திலேயே நிற்கும். 4 அங்குலத்துக்குக் குறையாத விரலிகளாக வாங்குங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். தடை செய்யப்பட்ட மீன். வெள்ளத்தில் வாய்க்காலுக்குத் தப்பினால் ஊர் மீனையெல்லாம் அழிக்கும். சந்தேகம் இருந்தால் நீடாமங்கலத்திலும் நாகப்பட்டினம் அருகே சிக்கலிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் கேட்கலாம்.

குஞ்சு வந்த பையை அப்படியே அவிழ்த்துக் கொட்டக் கூடாது. 20 நிமிஷம் குட்டையில் மிதக்கவிட்டு, பைக்குள் கொஞ்சம் குட்டைத் தண்ணீர் சேர்த்து, தானாக நீந்தி வெளியேற விடுங்கள். காலை அல்லது சாயங்காலம் நல்லது.

தீனி தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி. தினமும் ஒரே இடம், ஒரே நேரம். மூட்டம் போட்ட நாளில் போடாதீர்கள். விடிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பசி என்று எண்ணித் தீனி போட்டுவிடாதீர்கள். மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். உடனே மோட்டாரைப் போட்டுப் புதுத்தண்ணீரைத் தெறிக்க விடுங்கள்.

மழை வெள்ளத்தில் மீன் தப்பாமல் இருக்க, ஐப்பசிக்கு முன் கரையைச் சுற்றி 3 அடி உயர வலை. இதைச் சோம்பலில் விட்டவர்கள் வீட்டு மீன் கார்த்திகையில் ஊரார் சட்டியில் இருக்கும்.

உட்காரும் இடம், தூண்டில்

சாயங்கால வெயில் முதுகுப் பக்கம் இருக்க வேண்டுமென்றால் மேற்குக் கரை. அங்கே ஒரு புங்கமரம் ஏற்கெனவே நின்றது. ஆடிக்காற்றில் அதன் இலை முழுக்கக் குட்டைக்குள்தான் விழுகிறது, அழுகினால் தண்ணீர் கெடும். வெட்டச் சொன்னார்கள். மனசு வரவில்லை. வாரம் ஒரு தரம் வலைக்கரண்டியால் அள்ளுகிறேன், நிழலுக்குக் கொடுக்கும் வாடகை என்று வைத்துக்கொண்டேன். சாய்ந்த தென்னை ஒன்றை அறுத்ததுதான் பெஞ்சு.

தூண்டிலுக்கு மூங்கில் கழி, நரம்பு, சின்ன முள், மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை போதும். மிர்காலுக்கு மண்புழுவை முள்ளில் கோத்து அடியைத் தொடும்படி விடுங்கள். ரோகுவுக்குத் தவிடும் புண்ணாக்கும் கலந்த உருண்டை, பாதி ஆழத்தில். தீனி போடும் நேரத்துக்குச் சற்று முன்னால், தீனி போடும் இடத்திலேயே போட்டால் அதிகம் காத்திருக்க வேண்டாம். சின்னதாக மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு பிடித்துத் திரும்ப விட்டுவிடுங்கள். உலர்ந்த கை பட்டால் அதன் மேலிருக்கும் வழவழப்பு போய்ப் புண் வைக்கும்.

தை மாதத்தில் எனக்கு முதல் மிர்கால் மாட்டியது, அரைக் கிலோ இருக்கும். சித்தப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மீனைப் பார்க்கவில்லை. "குழாய் வலையில குப்பை சேந்திருக்கு பாரு, போய் எடு" என்றார்.