1707-க்கு முந்தைய ஸ்காட்லாந்து நாடாளுமன்றம்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்து தனிநாடாகப் பிரியுமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் தமிழ்க் கட்டுரைகளிலும் காணொளிகளிலும் 1707ஆம் ஆண்டு வந்துவிடுகிறது. அந்த ஆண்டில்தான் அது தன் நாடாளுமன்றத்தை இழந்து இங்கிலாந்துடன் இணைந்தது. ஆனால் இழந்தது எப்படிப்பட்ட நாடாளுமன்றம் என்று விளக்க வருகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுகிறார்கள். நமக்குப் பழக்கமானது லண்டனிலுள்ள வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றம். அதையே கொஞ்சம் சிறிதாக்கி எடின்பரோவில் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம். பாதிப் பிழைகள் அங்கேதான் தொடங்குகின்றன.

‘ஸ்காட்லாந்தின் மக்களவை’ என்று எழுதவே கூடாது. அங்கே மக்களவை, பிரபுக்கள் அவை என இரண்டு அவைகள் இருந்ததே இல்லை. மதகுருமார், பிரபுக்கள், அரச நகரங்களின் (மன்னரின் சாசனம் பெற்ற நகரங்களின்) பிரதிநிதிகள் என்ற மூன்று வகுப்பாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, சேர்ந்தே விவாதித்து, சேர்ந்தே வாக்களித்தார்கள். அவையை நடத்தியவர் சான்சலர் என்ற அரசின் உயர் அதிகாரி. மக்கள் பிரதிநிதிகளுக்கென்று தனிச் சபாநாயகர் கிடையாது. ஒரு டியூக்கின் வாக்கும், மீன்பிடித் துறைமுகம் ஒன்றிலிருந்து வந்த வணிகரின் வாக்கும் ஒரே கணக்கில்தான் சேர்ந்தன.

சபாநாயகர் இருந்தார் என்று சிலர் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இளவயதில் பிடிபட்டு இங்கிலாந்தில் பல ஆண்டுகள் சிறையிருந்த முதலாம் ஜேம்ஸ், நாடு திரும்பிய பிறகு 1428ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். ஷயர் எனப்படும் மாவட்டங்கள் தலா இரண்டு பிரதிநிதிகளை அனுப்ப வேண்டும், அவர்கள் தங்களுக்குள் ஒரு சபாநாயகரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது அது. சட்டம் ஏட்டோடு நின்றுவிட்டது. ஷயர்களின் பிரதிநிதித்துவம் நடைமுறைக்கு வந்தது ஆறாம் ஜேம்ஸ் காலத்துச் சட்டத்தால், 1587ல். நடுவில் ஒன்றரை நூற்றாண்டு இடைவெளி. 1428ஐத் தொடக்கமாகக் காட்டினால் 1560ல் நடந்ததைப் புரிந்துகொள்ளவே முடியாது. போப்பின் அதிகாரத்தை நீக்கிய அந்த ஆண்டுக் கூட்டத்துக்குச் சிறு நிலவுடைமையாளர்கள் சுமார் நூறு பேர் நேரில் வந்து இடம் கேட்டார்கள். ஏற்கெனவே பிரதிநிதிகள் இருந்திருந்தால் அவர்கள் ஏன் இப்படிக் கூட்டமாக வர வேண்டும்?

மூன்று வகுப்பார் என்றதும் அந்த மூன்றும் கடைசிவரை மாறவில்லை என்று நினைப்பதும் தவறு. மதகுருமாரை 1640ல் வெளியேற்றினார்கள். அதுவரை ஒரு ஷயரின் பிரதிநிதிகளுக்கு எல்லாம் சேர்த்து ஒரே வாக்கு. அதே சமயம்தான் ஆளுக்கொரு வாக்கு ஆனது. இடையில் கவிழ்ந்த மன்னராட்சி 1660ல் மீண்டதும் பிஷப்புகளும் திரும்பினார்கள். 1689ல் மறுபடியும் போனார்கள், அதோடு சரி. அடுத்த ஆண்டு ஷயர்களுக்குக் கூடுதலாக 26 இடங்கள் கிடைத்தன. ஆக, இணைப்பை விவாதித்த அவையில் பிரபுக்கள், ஷயர்கள், நகரங்கள் என்ற மூன்றுதான். அங்கே ஸ்காட்லாந்து பிஷப்புகள் வாக்களித்ததாக எழுதுவது சுத்தப் பிழை.

அப்புறம், தேர்தல். நகரப் பிரதிநிதியை ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. நகர மன்றம் அனுப்பியது. அந்த மன்றத்தையும் மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. பழைய மன்றமே புதிய மன்றத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 1469ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. எடின்பரோவுக்கு இரண்டு இடங்கள், மற்ற நகரங்களுக்கு ஒவ்வொன்று. ஷயர்களில் வாக்குரிமை நிலத்தோடு ஒட்டியது. 1681ஆம் ஆண்டுச் சட்டப்படி, பழைய மதிப்பீட்டில் நாற்பது ஷில்லிங் பெறுமான நிலமோ, 400 பவுண்டு வருட மதிப்புள்ள சொத்தோ வேண்டும். இந்த 400 ஸ்காட்லாந்து பவுண்டு என்பதை விட்டுவிடாதீர்கள். அப்போது பன்னிரண்டு ஸ்காட்லாந்து பவுண்டு சேர்ந்தால்தான் ஒரு இங்கிலாந்து பவுண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் தொகை பன்னிரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும்.

என் பார்வையில் மிக மோசமான தவறு, இந்த நாடாளுமன்றம் வெறும் தலையாட்டி என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது. அதற்கு ஆதாரமாகக் காட்டுவது ‘லார்ட்ஸ் ஆஃப் தி ஆர்ட்டிகிள்ஸ்’ என்ற குழுவை. எந்த மசோதா அவைக்கு வரலாம் என்று இந்தக் குழு முன்கூட்டியே முடிவு செய்துவிடும். 1633ல் அதை அமைத்த விதத்தைப் பாருங்கள்: பிஷப்புகள் எட்டுப் பிரபுக்களைப் பொறுக்கினார்கள், அந்தப் பிரபுக்கள் எட்டு பிஷப்புகளைப் பொறுக்கினார்கள், இந்தப் பதினாறு பேரும் சேர்ந்து ஷயர்களிலிருந்து எட்டுப் பேர், நகரங்களிலிருந்து எட்டுப் பேர். பிஷப்புகளை நியமிப்பவர் மன்னர். எனவே சங்கிலியின் நுனி மன்னர் கையில். அந்தக் கூட்டத்தில் முதலாம் சார்லஸ் நேரில் உட்கார்ந்து, எதிர்த்து வாக்களித்தவர்களின் பெயர்களைத் தன் கையாலேயே குறித்துக்கொண்டார்.

இதோடு நிறுத்தினால் தலையாட்டி என்பது உண்மைபோலத்தான் தோன்றும். ஏழே ஆண்டுகளில் அதே நாடாளுமன்றம் அந்தக் குழுவை ஒழித்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது அவை கூடியே தீர வேண்டும் என்று 1640ல் சட்டமும் செய்தது. இங்கிலாந்து இதைப்போன்ற சட்டத்தை அடுத்த ஆண்டுதான் போட்டது. 1661ல் குழு மீண்டும் வந்தது. 1690ல் ஒரேயடியாக ஒழிந்தது. அதற்குப் பின் வந்த பதினேழு ஆண்டுகள்தான் இந்த அவை மிகவும் முரண்டுபிடித்த காலம். இனி ஸ்காட்லாந்தைப் போரில் இறக்குவதற்குத் தன் சம்மதம் வேண்டும் என்றது. ஆன் அரசிக்குப் பின் இங்கிலாந்து தேர்ந்தெடுத்தவரையே நாமும் ஏற்க வேண்டியதில்லை என்று சட்டம் செய்து, 1704ல் அரசியின் ஒப்புதலையும் வாங்கியது. இங்கிலாந்து இணைப்புக்கு இவ்வளவு அவசரப்பட்டதே இந்த முரண்டால்தான். தலையாட்டி அவை ஒன்றை மூடுவதற்கு யாரும் இத்தனை பாடுபட மாட்டார்கள்.

சில சின்னக் குழப்பங்களும் உண்டு. 1603ல் இணைந்தது மகுடம் மட்டும், அதாவது இரு நாடுகளுக்கும் ஒரே மன்னர். நாடாளுமன்றங்கள் தனித்தனியாகவே இருந்தன. இடையில், மன்னராட்சி இல்லாத கிராம்வெல் ஆட்சியில் ஸ்காட்லாந்துக்கு வெஸ்ட்மின்ஸ்டரில் 30 இடங்கள் ஒதுக்கியது வேறு கதை. அரச நகரங்கள் தங்கள் வணிக விவகாரங்களைப் பேச நடத்திய மாநாடு, திருச்சபையின் பொதுப்பேரவை, இவை இரண்டும் நாடாளுமன்றம் அல்ல.

இணைப்பு வாக்கெடுப்புக்கு வருவோம். ஒப்பந்தத்தின் முதல் பிரிவு 1706 நவம்பர் 4ஆம் தேதி வாக்குக்கு வந்தது. ஆதரவு 116, எதிர்ப்பு 83. வகுப்புவாரியாகப் பிரித்தால், பிரபுக்களில் 46க்கு 21, ஷயர்களில் 37க்கு 33, நகரங்களில் 33க்கு 29. மூன்றிலுமே பெரும்பான்மை ஆதரவுதான். ஆனால் ஷயர்களிலும் நகரங்களிலும் வித்தியாசம் நான்கு நான்கு பேர். ‘பிரபுக்கள் விற்றார்கள், மக்கள் பிரதிநிதிகள் எதிர்த்தார்கள்’ என்ற வசனம் இந்தக் கணக்கின் முன் நிற்காது. ‘நாடே சம்மதித்தது’ என்பதும் நிற்காது. வாக்குரிமையே இல்லாத பெருங்கூட்டம் வெளியே இருந்தது. அவர்கள் எதிர்ப்பு மனுக்களை அனுப்பினார்கள். எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் கலவரம் செய்தார்கள்.

பணம் கைமாறியது உண்மை. லண்டனிலிருந்து ரகசியமாக 20,000 பவுண்டு வந்தது. அதை 3,98,085 பவுண்டு 10 ஷில்லிங் என்ற தொகையோடு போட்டுக் குழப்பாதீர்கள். அந்தப் பெரிய தொகை ஒப்பந்தத்திலேயே வெளிப்படையாக எழுதப்பட்டது. இங்கிலாந்தின் கடன்சுமையை இனி ஸ்காட்லாந்தும் சுமப்பதற்கான ஈடு அது. பனாமாவில் ஸ்காட்லாந்து முயன்று தோற்ற டேரியன் குடியேற்றத் திட்டத்தில் பணத்தைத் தொலைத்தவர்களுக்கும் அதிலிருந்து கொடுக்கப்பட்டது.

இணைப்புக்குப் பின் பிரதிநிதித்துவம் எவ்வளவு சுருங்கியது என்பதைச் சொல்லாமல் கட்டுரையை முடிக்காதீர்கள். புதிய மக்களவையில் ஸ்காட்லாந்துக்கு 45 இடங்கள். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 513. கார்ன்வால் என்ற ஒரு மாவட்டத்துக்கு மட்டும் 44. பிரபுக்கள் தங்களுக்குள் 16 பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். எடின்பரோ தவிர்த்த 65 நகரங்களையும் 14 தொகுதிகளாகக் கட்டினார்கள். ஃபைஃப் கடற்கரையில் பிட்டன்வீம், க்ரெயில், கில்ரென்னி, ஈஸ்டர் ஆன்ஸ்ட்ருதர், வெஸ்டர் ஆன்ஸ்ட்ருதர் ஆகிய ஐந்து சிற்றூர்களும் அதுவரை தலைக்கு ஒருவரை எடின்பரோவுக்கு அனுப்பிவந்தன. இனி ஐந்துக்கும் சேர்த்து ஒருவர். ஒவ்வொரு நகர மன்றமும் ஒரு தூதரை அனுப்பும், அந்த ஐந்து தூதர்கள் கூடி உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பார்கள். மூன்று தூதர்கள் கைக்குள் இருந்தால் தொகுதி கைக்குள்.

முதல் 45 பேர் தேர்தலில் வென்றவர்கள் என்று எழுதுவதும் தவறு. கலையப்போகும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றமே 1707 பிப்ரவரியில் தன் உறுப்பினர்களுக்குள்ளிருந்து அவர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. முதல் தேர்தல் 1708ல்தான் நடந்தது.

1999ல் எடின்பரோவில் புதிய அவை கூடியபோது, 1707 மார்ச் 25ல் ஒத்திவைக்கப்பட்ட நாடாளுமன்றம் மீண்டும் கூடுகிறது என்று அவையின் மூத்த உறுப்பினர் வின்னி யூயிங் அறிவித்தார். அந்த அறிவிப்பை மேற்கோள் காட்டுங்கள், அந்த நாளின் உணர்ச்சி அதில் இருக்கிறது. ஆனால் அதைச் சட்ட நிலையாக எழுதிவிடாதீர்கள். இன்றைய 129 உறுப்பினர் அவையை உருவாக்கியது வெஸ்ட்மின்ஸ்டர் இயற்றிய 1998ஆம் ஆண்டுச் சட்டம். பழைய நாடாளுமன்றத்தின் எந்த இருக்கையும் அதில் தொடரவில்லை.