வாத்துக் குஞ்சுகளின் இரவு: பலரும் செய்யும் தவறுகள்

"வாத்துதானே, தண்ணீரிலேயே கிடக்கிற பிறவி!" இந்த நினைப்பே பல குஞ்சுகளுக்கு எமனாகிறது. முதன்முதலாக வளர்த்தபோது நானும், ராத்திரி தாகத்துக்கு ஆகட்டும் என்று ஓர் அகலத் தட்டு நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுப் படுத்தேன். விடியற்காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினால் உமி சேறாகிக் கிடந்தது. பன்னிரண்டில் மூன்று குஞ்சுகள் நனைத்த பஞ்சுபோல் விறைத்திருந்தன. தட்டின் ஆழம் இரண்டு விரற்கடைதான். மூழ்கிச் சாகவில்லை, குளிரில் செத்திருந்தன.

தாயோடு திரியும் குஞ்சு நனைந்தாலும் இறகுக்கடியில் புகுந்து காய்ந்துகொள்ளும். இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுக்கு அந்த இறகு நாம் கட்டும் பல்புதான்.

அதற்குப் பயந்து தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டுத் தீவனத்தை விட்டுவைப்பது அதைவிட மோசம். வாத்துக் குஞ்சு ஒரு வாய் தீவனம், ஒரு வாய் தண்ணீர் என்றுதான் தின்னும். தண்ணீர் இல்லையென்றால் உலர்மாவு தொண்டையில் அடைக்கும், மூக்குத் துளையிலும் அப்பிக்கொள்ளும். ஆகவே மூக்குத் துளை முங்கும் ஆழமும் உடம்பு நுழையாத வாயும் உள்ள பாத்திரம் வேண்டும். கிண்ணம்தான் இருக்கிறதென்றால் கூழாங்கற்களைப் போட்டு நிரப்புங்கள். சிந்துவது உமியில் இறங்காதபடி, கம்பிவலை போட்ட தட்டின் மேல் அதை வையுங்கள். ஓரிரு வாரம் கழித்து, பல்புச் சூடு தேவைப்படாமல் இரவில் விளக்கை அணைக்கும்போது தீவனம், தண்ணீர் இரண்டையும் சேர்த்தே எடுத்துவிடலாம்.

இப்போது புதிதாக ஒரு தவறு முளைத்திருக்கிறது: எல்.இ.டி. பல்பு. வெளிச்சம் பளிச்சென்று இருக்கும், சூடு இருக்காது. பழைய குண்டு பல்பு வேண்டும். முதல் வாரம் குஞ்சுகள் இருக்கும் மட்டத்தில் சுமார் 32 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி அளவில் குறைக்கலாம். சித்திரை இரவும் மார்கழி இரவும் ஒன்றல்ல. குஞ்சுகளைப் பார்த்துப் பல்பை ஏற்றி இறக்குங்கள். பல்புக்கடியில் குவிந்தால் குளிர்கிறது. ஓரத்தில் ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு அதிகம். குவிவதை அசட்டையாக விட்டால் அடியில் இருப்பவை மூச்சுமுட்டிச் சாகும்.

தரையில் செய்தித்தாள் விரித்தால் கால் வழுக்கி விரிந்துபோகும். உமி அல்லது சாக்கு நல்லது.

தீவனத்தில் பெரிய ஆபத்து கடலைப் புண்ணாக்கு. 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிக் குஞ்சுகள் லட்சத்துக்கு மேல் மடிந்தன. காரணம் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கில் இருந்த அஃப்ளடாக்சின் நச்சு. அந்த நச்சுக்கு மிக எளிதில் பலியாகும் உயிர்களில் வாத்துக் குஞ்சும் ஒன்று. பூசண வாடை லேசாக அடித்தாலும் கொட்டிவிடுங்கள். பிசைந்து மிஞ்சிய மாவை ராத்திரி முழுக்க விட்டுவைக்காதீர்கள், புளித்துவிடும். வெறும் நொய்யும் ரொட்டியும் வயிற்றை நிரப்பும், காலுக்கு உதவாது. கோழிக்குஞ்சைவிட இதற்கு நயாசின் (பி3 வைட்டமின்) சத்து கூடுதலாகத் தேவை. குறைந்தால் கால் வளையும். குஞ்சுத் தீவனத்தோடு கொஞ்சம் ப்ரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் தயாரிப்பில் கிடைக்கும் ஈஸ்ட் தூள்) கலந்தால் சரியாகும்.

நள்ளிரவில் நனைந்த குஞ்சு கிடைத்தால் உடனே ஊட்டாதீர்கள். பழைய வேட்டித் துணியால் துடைத்து, பல்பருகே வைத்து, தூவி காய்ந்து அது தானாக எழுந்து நின்று கத்திய பிறகே தண்ணீர் காட்டுங்கள்.