கேசட்டைக் காந்தம் வைத்து அழிப்பது எப்படி? (எடுக்கும்போது அவசரம் வேண்டாம்)

பழைய ஆடியோ கேசட் ஒரு பெட்டி நிறைய வீட்டில் இருந்தது. நண்பர் காலி டேப் கேட்டார், ஆனால் பாதியில் எங்கள் வீட்டுச் சண்டைகூடப் பதிவாகியிருக்கிறது, அப்படியே எப்படிக் கொடுப்பது? டெக்கில் போட்டு ஒலியில்லாமல் ரெக்கார்டு செய்தால் 90 நிமிட கேசட்டுக்கு ஒன்றரை மணி நேரம் போய்விடும். அதனால்தான் காந்தம்.

முதலில் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை வைத்துத் தேய்த்தேன். குரல் போனது, இரைச்சல் வந்தது. நிலைக்காந்தம் டேப்பில் உள்ள துகள்களை எல்லாம் ஒரே பக்கம் திருப்பிவிடும், அவ்வளவுதான். நமக்கு வேண்டியது அவை தாறுமாறாகக் கலைவது. அதற்குத் திசை மாறிக்கொண்டே இருக்கும் ஏசி மின்சாரத்தில் ஓடும் பல்க் இரேசர் (கேசட்டைப் பிரிக்காமல் மொத்தமாக அழிக்கும் மின்காந்தக் கருவி) வேண்டும். நியோடிமியம் காந்தம் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள்.

1. போன், வங்கி அட்டை, மற்ற கேசட்டுகளை எல்லாம் அடுத்த அறைக்கு அனுப்புங்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் பக்கத்தில் இருக்கவே கூடாது.

2. இரேசரைக் கேசட்டிலிருந்து கை நீளத் தூரத்தில் வைத்தே ஸ்விட்சைப் போடுங்கள், பிறகு கிட்டே கொண்டுவாருங்கள்.

3. கேசட்டின் மேல் மெதுவாக வட்டமிடுங்கள். திருப்பிப் போட்டு இன்னொரு முறை.

4. இங்கேதான் நான் மூன்று கேசட் கெடுத்தேன். வேலை முடிந்தது என்று கேசட்டின் மேலேயே ஸ்விட்சை அணைத்துவிட்டேன். போட்டுக் கேட்டால், ரீல் ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் 'டுப்' என்று ஒரு சத்தம். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது காந்தப்புலம் நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. நாம் விலக விலக அந்த ஆட்டம் சிறுத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒன்றும் இல்லாமல் ஆகிறது, அழிப்பது உண்மையில் இந்த விலகல்தான். நடுவில் அணைத்தால் அந்த நொடியில் இருந்த திசை அப்படியே டேப்பில் உறைந்துவிடும். எனவே வட்டமிட்டபடியே, நிதானமாக, கை நீளத்துக்கு விலகிய பிறகு அணையுங்கள்.

5. கருவி சீக்கிரம் சூடாகும். இரண்டு மூன்று கேசட்டுக்கு ஒருமுறை ஆற விடுங்கள்.

அப்புறம், டேப்பின் நடுப்பகுதியை ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டுப் பாருங்கள். சாதாரண இரும்பு ஆக்சைடு டேப் எளிதில் அழியும், குரோம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மெட்டல் டேப்பில் என் சின்ன இரேசர் தோற்றே போனது, பேச்சு மெல்லிதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

பின்சேர்க்கை: ஹார்ட் டிஸ்க்கையும் இப்படி அழிக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். முடியாது. அதற்குள்ளேயே, தகவலைப் படித்து எழுதும் தலையை நகர்த்த வலுவான நியோடிமியம் காந்தம் இருக்கிறது, அதையே தாங்கிக்கொண்டுதான் ஓடுகிறது. பெரிய டீகாஸரில் (வலுவான காந்தப்புலத்தால் அழிக்கும் கருவியில்) போட்டால் தலைக்கு வழிகாட்டும் சர்வோ தடங்களும் சேர்ந்து அழியும், டிஸ்க் மறுபடி உதவாது. திரும்பப் பயன்படுத்துவதானால் மென்பொருளால் மேலெழுதுங்கள். பென்டிரைவ், எஸ்எஸ்டி இரண்டிலும் காந்தப் பதிவே இல்லை, நாள் முழுக்கத் தேய்த்தாலும் ஒன்றும் ஆகாது.

இன்னொன்று. கேசட் ஓரத்துப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் டெக் அதில் பதிவு செய்யாது, இரேசருக்கு அந்த மரியாதை எல்லாம் தெரியாது. அப்படிப் பத்திரப்படுத்திய ஒரு கேசட்டை லேபிள் பார்க்காமல் நானே அழித்துவிட்டேன். அதில் என்ன இருந்தது என்று அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.