கம்பைல் ஆகும், ஓடாது: ஜிசிசி 4.8-இல் ரீஜெக்ஸ்

என் சி++ புரோகிராமில், எழுத்துகளில் பேட்டர்ன் தேடும் ரீஜெக்ஸை ஸ்டாண்டர்ட் லைப்ரரியிலிருந்து எடுத்திருந்தேன். புது மெஷினில் எல்லா டெஸ்டும் பாஸ். சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸில், ஜிசிசி 4.8.5 கம்பைலரில், கம்பைலும் லிங்கும் சத்தமில்லாமல் முடிந்தன. ஆனால் [0-9]+ என்ற (ஒன்றோ பலவோ இலக்கங்களைத் தேடும்) பேட்டர்ன் வந்ததுமே எக்ஸெப்ஷன் எறிந்து புரோகிராம் நின்றது. லொக்கேல், எஸ்கேப் என்று நாள்கணக்கில் தேடியதெல்லாம் வீண். 4.8-இன் லைப்ரரியில் ரீஜெக்ஸ் ஹெடர் இருக்கிறது, உள்வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. 4.9-இல்தான் சரியானது.

சரி, கம்பைலர் வெர்ஷனைப் பார்த்துப் பிரிக்கலாம் என்றால் அங்கேதான் சிக்கல்: கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் தன்னை ஜிசிசி 4.2 என்று சொல்லிக்கொள்ளும், ஆனால் எடுத்துக்கொள்வது மெஷினில் இருக்கும் லைப்ரரியை. அதனால் பில்டை அமைத்துத் தரும் சிமேக்கில், ஒரு சின்ன ரீஜெக்ஸ் புரோகிராமைக் கம்பைல் செய்வதோடு நிற்காமல் ஓட்டியும் பார்க்கும் சோதனையை வைத்தேன். தோற்றால், பூஸ்ட் என்ற தனி லைப்ரரியின் ரீஜெக்ஸ். அப்பாடா, இப்போது இரண்டிலும் ஓடுகிறது. கிராஸ் கம்பைல், அதாவது வேறு வகை மெஷினுக்காகக் கம்பைல், செய்தால் மட்டும் இங்கே ஓட்டிப் பார்க்க முடியாததால் சோதனையின் முடிவை நாமே கொடுக்க வேண்டும்.