மாடித் தளத்து மரம் மக்கியது: என் அனுபவம்

தாத்தா கட்டிய வீடு, மெட்ராஸ் டெரஸ் (தேக்குக் கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை போட்ட தளம்). மாடி அறையில் ஒரு மூலை மட்டும் மிதித்தால் லேசாகத் தொய்ந்தது. கீழே ஏணி போட்டு ஏறி, சுவருக்குள் செருகியிருந்த தேக்குக் கட்டையின் முனையில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன், நனைந்த ரஸ்க்கில் இறங்குவது போல 4 அங்குலம் உள்ளே போய்விட்டது. மரத்தைக் குறை சொல்ல முடியாது. வெளிச்சுவரில் மழைநீர்க் குழாய் ஒழுகிய இடத்தில் யாரோ (சரி, நான்தான்) சிமெண்ட் பூசி மூடியதில், ஈரம் வெளியே காய வழியில்லாமல் கட்டையைப் பிடித்துவிட்டது. முதலில் குழாயை மாற்றி, சிமெண்டைக் கொத்தியெடுத்து, 2 மாதம் காயவிட்டோம். அப்புறம் முட்டுக் கொடுத்து, நல்ல மரம் தட்டுப்படும்வரை அறுத்து, இருபுறமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டுப் புதுத் துண்டைச் சேர்த்தார் ஆசாரி. முனையைச் சுற்றிக் காற்றுக்குக் கொஞ்சம் இடைவெளி, வெளியே சுண்ணாம்புப் பூச்சு. இரண்டு ஐப்பசி மழை போயாச்சு, ஸ்க்ரூடிரைவர் இன்னும் இறங்கவில்லை.