ஆள் நடமாட்டம் குறைந்த சிறு குளத்தில் டென்ச் மீனைத் தூண்டிலில் பிடிப்பது எப்படி

இங்கிலாந்தில் வாரம் முழுவதும் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து மீன்பிடிக்கும் கட்டணக் குளங்களில் எனக்கு ஓரளவு கை பழகிய பிறகுதான், ஒரு சிறு மீன்பிடிச் சங்கத்துக்குச் சொந்தமான பழைய பண்ணைக் குளத்தில் தூண்டில் போடும் வாய்ப்புக் கிடைத்தது. அரை ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலான நீர்ப்பரப்பு, ஒரு கரையில் அல்லி, மறு கரையில் தாழ்ந்த மரங்கள். வாரத்துக்கு இருவர் வந்தாலே அதிகம். கட்டணக் குளத்தில் எனக்கு மீன் தந்த பெல்லட் என்ற கெட்டி மீன்தீவனக் குளிகையை அதே அமைப்பில் இங்கும் போட்டேன். குண்டூசித் தலையளவு குமிழிகள் தக்கையைச் சுற்றிக் கொத்துக்கொத்தாக எழுந்துகொண்டே இருந்தன. டென்ச் என்ற நன்னீர் மீன் அடிச்சேற்றைக் கிளறி மேய்வதன் அடையாளம் அது. இருந்தும் ஆறு முறை போய்வந்ததில் ஒரு மீன்கூட இரையைத் தொடவில்லை.

ஏழாவது முறைதான் காரணம் விளங்கியது. என் இரை சேற்றுக்குள் புதைந்து கிடந்தது. புதையாமல் கிடந்திருந்தாலும், அந்த மீன்கள் பிறந்ததிலிருந்து பெல்லட்டைப் பார்த்ததில்லை என்பதால் அதை உணவாக மதித்திருக்காது. இந்த இரண்டு சிக்கலையும் தீர்த்த முறையையே இங்கே எழுதுகிறேன். ரீலில் தங்கூசி சுற்றுவதும் முள் கட்டுவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

புறப்படும் முன்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 13 வயது நிரம்பியவர்கள் நன்னீரில் தூண்டில் போட ராட் லைசென்ஸ் என்ற தூண்டில் உரிமம் வைத்திருக்க வேண்டும். குளத்துச் சொந்தக்காரரின் அனுமதி அதற்குப் புறம்பாகத் தனியே வாங்க வேண்டியது. ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தடைக்காலம். பெரும்பாலான குளம், ஏரிகளுக்கு இந்தத் தடை 1995இல் நீக்கப்பட்டுவிட்டாலும், சில சங்கங்கள் தாமாகவே அதைக் கடைப்பிடிப்பதால் விதிப்புத்தகத்தை ஒருமுறை படித்துவிடுங்கள். வேறு குளத்தில் நனைந்த கைவலையை நன்றாகக் காயவைக்காமல் கொண்டுபோகாதீர்கள். ஆள் போகாத குளத்துக்கு நோயைக் கொண்டுசேர்க்க ஓர் ஈர வலையே போதும்.

முதலில் பாருங்கள், பிறகு உட்காருங்கள்

சிறு குளத்தில் மீன் பெரும்பாலும் கரையோரத்தில்தான் மேயும் என்பதால், கனத்த காலடி வைத்தாலே பாதி வாய்ப்புப் போய்விடும். கோடையில் விடியலுக்கு அரை மணி நேரம் முன்பாகப் போய், கோலைக் கையில் எடுக்காமல், கரையிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி மெல்ல நடந்து குளத்தைச் சுற்றிவாருங்கள். அல்லியிலைகளின் விளிம்பில் சிறு குமிழிகள் எழுகின்றனவா, நாணல் தண்டுகள் காற்றில்லாமல் அசைகின்றனவா, ஓரிடத்தில் மட்டும் நீர் கலங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெரிய குமிழி ஒன்றிரண்டு எழுந்து நின்றுவிட்டால் அது அழுகும் இலைதழையிலிருந்து வரும் வாயு. பொடிக்குமிழிகள் கொத்தாக எழுந்து, அந்தக் கொத்து மெல்ல இடம் நகர்ந்தால் அது மீன்.

கடும் வெயிற்காலத்தில் நீர்ச்செடி அடர்ந்த குளத்தில், விடியலில்தான் நீரிலுள்ள ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் மேற்பரப்பில் வாய் திறந்து திணறுவதைக் கண்டால் அன்று தூண்டில் போடாமல், உடனே குளத்துக்காரருக்குத் தகவல் சொல்லுங்கள்.

கருவிகள்

என் தேர்வு 13 அடி நீளமுள்ள, வளைந்து கொடுக்கும் தக்கைக் கோல். கடைக்காரர்கள் கனமான கெண்டைக் கோலை விற்கப் பார்ப்பார்கள். அது இந்தக் குளத்துக்கு வேண்டாம், அதன் விறைப்பில் சிறிய முள் மீனின் வாயிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும். திறந்த நீரில் 4 பவுண்டு இழுவை தாங்கும் தங்கூசி போதும், அல்லிக்கு அருகே என்றால் 6 பவுண்டு. முள் பார்ப்லெஸ், அதாவது எதிர்முள் இல்லாத வகையாக இருக்கட்டும்: ரொட்டிக்கு 10ஆம் எண், மண்புழுவுக்கும் சோளத்துக்கும் 14. எண் கூடக்கூட முள் சிறிதாகும் என்பதை நினைவில் வையுங்கள். அன்னப் பறவைகள் ஈயக்குண்டை விழுங்கி இறந்ததால், தூண்டிலில் வழக்கமாகப் பயன்படும் அளவுகளில் ஈயம் 1987 முதல் இங்கே தடைசெய்யப்பட்டுள்ளது. ஆகவே ஈயமற்ற குண்டுகளையே கேட்டு வாங்குங்கள்.

தக்கை விஷயத்தில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை, மயிலிறகின் தண்டுதான். எடையற்றது, நீருக்குள் ஓசையில்லாமல் விழும், கத்தரியால் வேண்டிய நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளலாம். பளபளக்கும் பிளாஸ்டிக் தக்கைகள் பல என் பெட்டியில் இருந்தாலும் அவற்றை நான் தொடுவதில்லை.

ஆழம் பார்த்தல்: நான் தடுமாறிய இடம்

ஆழம் பார்க்கும் குண்டு கடைகளில் பிளம்மெட் என்ற பெயரில் கிடைக்கும். முள்ளை அதன் வளையத்துக்குள் விட்டு அடியிலுள்ள கார்க்கில் குத்தி, மீன்பிடிக்கப்போகும் இடத்தில் இறக்க வேண்டும். தக்கை மூழ்கிவிட்டால் ஆழம் அதிகம் என்று பொருள், தக்கையை மேலே நகர்த்துங்கள். தக்கை முழுவதும் வெளியே தெரிந்தால் அல்லது படுத்துக்கொண்டால் கீழே நகர்த்துங்கள். நுனி மட்டும் தெரியும்போது நிறுத்திக்கொள்ளலாம். எந்தக் கையேட்டைத் திறந்தாலும் இவ்வளவுதான் இருக்கும். நானும் ஆறு முறையும் இதைத்தான் செய்தேன்.

அதில் விடுபட்டது சேறு. பல ஆண்டுகளாக இலை விழுந்து மக்கிய குளத்தின் அடித்தளம் கெட்டித் தரை கிடையாது. இட்லி மாவைப் போன்ற கரிய சேறு அங்கே படிந்திருக்கும். கனமான ஆழக்குண்டு அதற்குள் ஓசையின்றி இறங்கிவிடுவதால், நீங்கள் அளப்பது நீரின் ஆழத்தோடு சேற்றின் ஆழமும் சேர்ந்த ஓர் அளவு. ஏழாவது முறை குண்டை மேலே இழுத்தபோது அதன்மேல் மட்டுமல்லாமல் அதற்கு மேலே ஒரு சாண் அளவு தங்கூசியிலும் கரிய பிசுக்கு ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தால் அழுகிய முட்டை வாடை. என் இரை அத்தனை நாளும் அந்த ஒரு சாண் சேற்றுக்குள்தான் கிடந்தது.

ஆகவே இரண்டு முறை அளக்க வேண்டும். முதலில் கனமான குண்டால் அளந்து, தக்கை நிற்கும் இடத்தைக் கோலில் ஓர் அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதைக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்ஜி அளவுள்ள ஒரே ஒரு குண்டை முள்ளுக்குப் பக்கத்திலேயே கடித்துப் பொருத்தி மறுபடி இறக்குங்கள். அந்தக் குண்டு ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல்தான் இருக்கும் என்பதால் சேற்றின் மேற்பரப்பிலேயே பெரும்பாலும் தங்கிவிடும். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வேறுபாடுதான் சேற்றின் கனம். இரண்டு விரற்கடைக்குள் இருந்தால் எந்த இரையும் போடலாம். அதற்கு மேல் இருந்தால் நான்கைந்து அடி தள்ளி வேறிடம் பாருங்கள். சிறு குளங்களில் கரையிலிருந்து இரண்டு மூன்று கோல் நீளத்துக்குள் தரை சட்டென்று சரியும் ஒரு விளிம்பு பெரும்பாலும் இருக்கும். அந்தச் சரிவின் அடிவாரத்தில் சேறு மெலிந்திருந்தால் அதைவிட நல்ல இடம் கிடைக்காது. இந்த வேலைக்கு நான் இப்போது கால் மணி நேரம் செலவிடுகிறேன், அவசரப்படுவதே இல்லை.

தக்கை எழும் அமைப்பு

இதை இங்கே லிஃப்ட் முறை என்பார்கள். விரல் நீளமுள்ள மயிலிறகுத் தண்டின் அடிமுனையை மட்டும் ஒரு சிலிக்கான் குழாய்த் துண்டால் தங்கூசியோடு பிணையுங்கள். முள்ளிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி ஒரே ஓர் எஸ்எஸ்ஜி குண்டு. அந்தக் குண்டு தண்டை மூழ்கடிக்கும் எடையோடு இருக்க வேண்டும் என்பதை வீட்டில் ஒரு வாளி நீரில் சோதித்துக்கொள்ளுங்கள். மூழ்கவில்லையென்றால் தண்டைக் கொஞ்சம் நறுக்குங்கள். இலேசான குண்டால் அளந்த ஆழத்தைவிட ஒரு சாண் கூடுதலாகத் தக்கையை மேலேற்றி வைத்து, வேண்டிய இடத்துக்குச் சற்று அப்பால் எறிந்து, கோலின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி இழுத்துத் தங்கூசி முழுவதையும் மூழ்கச் செய்யுங்கள். பிறகு கோலைத் தாங்கியில் வைத்து, படுத்திருக்கும் தக்கை நிமிர்ந்து அதன் நுனி ஒரு சென்டிமீட்டர் மட்டும் தெரியும்வரை ரீலை மெல்லச் சுற்றுங்கள்.

டென்ச் தலைகுப்புறச் சாய்ந்து இரையை எடுத்துவிட்டு நிமிரும்போது அடியிலிருக்கும் குண்டும் சேர்ந்து எழும். உடனே தக்கை நீரிலிருந்து மெதுவாக உயர்ந்து, ஒரு கணம் நின்று, பக்கவாட்டில் படுத்துவிடும். தக்கை மூழ்கும் என்று காத்திருந்து பழகியவர்கள் இந்தக் காட்சியைக் கண்டு கையைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். உயரத் தொடங்கும்போதே கோலைத் தூக்குங்கள், ஆனால் வெட்டி இழுக்க வேண்டாம், மணிக்கட்டை உயர்த்தினால் போதும்.

இரை

இத்தகைய குளத்து மீன்களை நம்பவைக்கத் தேவையில்லாத இரை மண்புழு. அதிலும் பெரிய மண்புழுவை நீங்களே சேகரிக்கலாம். மழை பெய்து ஓய்ந்த இரவில், குட்டையாக வெட்டிய புல்தரையில், சிவப்புத் தாள் ஒட்டிய மங்கலான டார்ச்சோடு வெறுங்காலில் நடப்பதுபோல் நடந்து பாருங்கள். புழுக்கள் வாலை வளைக்குள் வைத்துக்கொண்டு உடலை வெளியே நீட்டிப் படுத்திருக்கும். வளையின் வாய்ப்பக்கமாகப் பிடித்து, இழுக்காமல் அப்படியே அழுத்திப் பிடித்திருந்தால், சில நொடிகளில் அது பிடியைத் தளர்த்தும், அப்போது முழுசாக வந்துவிடும். அவசரமாக இழுத்தால் பாதிதான் கையில் மிஞ்சும். முழுப்புழு பெர்ச் மீனுக்கு, அரைப்புழு டென்ச்சுக்கு. பெர்ச் இரையைச் சட்டென்று விழுங்கிவிடும் என்பதால், அது கடித்தால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது.

வேறிடம் கிடைக்காமல் சேறு அதிகமான இடத்திலேயே போட நேர்ந்தால் என் முதல் தேர்வு வெள்ளை ரொட்டி. அன்று வாங்கிய துண்டு ரொட்டியின் நடுப்பகுதியைக் கட்டைவிரல் நக அகலத்துக்குப் பிய்த்து, முள்ளின் தண்டைச் சுற்றி மடித்து, தண்டோடு ஒட்டும் பகுதியை மட்டும் நசுக்குங்கள். ஓரங்கள் பஞ்சுபோலவே இருக்கட்டும், முள்ளின் முனை வெளியே தெரியட்டும். அது நீரில் ஊறி மெல்ல இறங்கி, சேற்றின் மேலேயே வெண்மையாகத் தங்கும்.

ஸ்வீட் கார்னை அந்த மீன்களுக்குப் பழக்கிவைக்க வேண்டும். சங்கம் அனுமதித்தால், மீன்பிடிக்கப்போகும் நாளுக்கு முந்தைய மூன்று மாலைகளில் ஒரே இடத்தில் ஒரு கைப்பிடி தூவுங்கள். நான் அப்படிச் செய்த நாள்களில், நான்காம் நாள் காலை மண்புழுவைவிடச் சோளத்தைத்தான் டென்ச் விரும்பி எடுத்தது. டின்னைக் கரைக்குக் கொண்டுபோகப் பல சங்கங்களில் தடை இருப்பதால், வீட்டிலேயே ஒரு டப்பாவில் மாற்றிக்கொள்ளுங்கள்.

மீனை ஈர்க்க நீரில் போடும் தீனியைக் குறைவாகப் போடுங்கள். ரொட்டித்தூளை நீர் தெளித்துப் பிசைந்து, நறுக்கிய புழுவும் பத்துப் பன்னிரண்டு சோளமும் சேர்த்து, எலுமிச்சை அளவில் இரண்டு உருண்டைகள் தொடக்கத்தில் போதும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் அரை உருண்டை. பத்துப் பேர் தீனி கொட்டும் கட்டணக் குளத்தின் கணக்கை இங்கே கொண்டுவந்தால், இருக்கிற சில மீன்கள் வயிறு நிறைந்து உங்கள் முள்ளைத் திரும்பியும் பார்க்காது.

மீன் கைக்கு வந்த பிறகு

டென்ச்சின் உடலில் உள்ள வழவழப்பு மற்ற மீன்களின் புண்ணை ஆற்றும் என்று இங்கே ஒரு பழைய நம்பிக்கை உண்டு. அது நம்பிக்கைதான், ஆனால் டென்ச்சின் தோலை நோயிலிருந்து காப்பது அந்த வழவழப்பே. ஆகவே கையை நனைத்துக்கொண்டு, நனைத்த விரிப்பில் மீனைக் கிடத்தி, முள் எடுக்கும் குச்சியால் முள்ளைக் கழற்றி, கைவலையிலேயே தாங்கி நீரில் விடுங்கள். அந்தச் சிறிய சிவந்த கண்ணையும் ஆலிவ் பச்சை உடலையும் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு விடலாம், ஆனால் நீண்ட நேரம் வெளியே வைத்திருக்காதீர்கள்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துச் செய்துபார்த்த ஒருவர், மீன் கடிக்காமலேயே தக்கை அடிக்கடி படுத்துவிடுகிறது என்று எழுதியிருந்தார். கேட்டுப் பார்த்ததில், தங்கூசி நீரின்மேல் மிதந்து காற்றால் வளைந்து இழுபட்டதே காரணம் என்று தெரிந்தது. பாத்திரம் துலக்கும் திரவத்தில் ஒரு சொட்டைத் துணியில் தடவி, தங்கூசியின் கடைசிப் பத்து மீட்டரைத் துடைத்தால் அது மூழ்கும்.

இன்னொருவருக்குத் தக்கை எழவே இல்லை, இலேசாக நடுங்கிக்கொண்டே இருந்ததாம், தூக்கினால் முள் வெறுமையாக வந்ததாம். அவர் அனுப்பிய படத்தில் இருந்தது குரூசியன் கெண்டை. அது டென்ச்சைப் போல இரையை எடுத்துக்கொண்டு நிமிராது, இருந்த இடத்திலேயே சப்பிப் பார்க்கும். அதற்கு எஸ்எஸ்ஜியைக் கழற்றிவிட்டு, ஊசிபோல் மெல்லிய நுனியுள்ள சிறு தக்கையும், முள்ளிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி ஒரு மிகச் சிறிய 8ஆம் எண் குண்டும், 16ஆம் எண் முள்ளில் அரைச் சோளமும் போட்டு, நுனி ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலே தூக்க வேண்டும். பொன்னிற உடல், வாயோரத்தில் மீசையில்லாமை, வெளிப்புறம் வளைந்து உயர்ந்த முதுகுத்துடுப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். தங்கமீனோடும் சாதாரணக் கெண்டையோடும் கலந்து கலப்பினங்கள் பெருகிவிட்டதால், கலப்பற்ற குரூசியன் இங்கே அரிதாகிவருகிறது. அப்படி ஒன்று உங்கள் குளத்தில் கிடைத்தால் பக்கவாட்டில் தெளிவாக ஒரு படம் எடுத்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள், அந்தக் குளத்தில் வேறு கெண்டை வகைகளை விடாமலிருக்க அது அவருக்கு உதவும்.