தனியாக கவுன்சிலிங் நடத்துபவருக்கு: மூச்சு முட்டும்போது எதை முதலில் இறக்கி வைப்பது

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி. அன்றைக்கு அது எனக்கு ஆறாவது செஷன். தங்கச்சிமடத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த ஒரு அம்மா எதிரே உட்கார்ந்திருந்தார். நான் அக்கறையோடுதான் கேட்டேன்: "பொண்ணு இப்ப ராத்திரி தூங்குறாளா?"

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "எனக்குப் பையன்தானே மேடம்" என்றார்.

தூங்காத அந்தப் பெண், இரண்டு மணிக்கு வந்துபோனவரின் மகள். பெயர் சொல்லவில்லை என்றாலும், ஒருவர் என்னிடம் நம்பிக் கொடுத்ததில் ஒரு துளி இன்னொருவர் மடியில் விழுந்துவிட்டது. எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவாக இருக்கும் இந்தக் கரையில் அந்த ஒரு துளி எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

இராமநாதபுரம் கேணிக்கரைப் பக்கம் ஒரு மாடியில் இரண்டு அறை எடுத்து எட்டு வருடமாகக் கவுன்சிலிங் நடத்துகிறேன். ரிசப்ஷனுக்கு ஆள் கிடையாது. போன் எடுப்பது, நேரம் குறித்துக் கொடுப்பது, பீஸ் வாங்குவது, அறையைக் கூட்டுவது எல்லாம் நான்தான். என்னைப் போலத் தனியாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மூச்சு முட்டும்போது நமக்கு முதலில் தோன்றுவது வருகிறவர்களைக் குறைக்கலாமா என்பதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதற்கு முன் ஒரே ஒரு வாரம், திங்கள் முதல் ஞாயிறு வரை, ஒரு கோடு போட்ட நோட்டில் எல்லாவற்றையும் எழுதுங்கள். எத்தனை மணிக்கு என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரம் ஆனது, அவ்வளவுதான். குளிக்கப் போகும்போது வந்த போனையும் எழுத வேண்டும். சோறு வடிக்கும்போது கேட்ட வாய்ஸ் மெசேஜையும் எழுத வேண்டும். என் நோட்டில் அந்த வாரம் 25 செஷன் இருந்தது, கிட்டத்தட்ட 21 மணி நேரம். அறைக்கு வெளியே நடந்த வேலை 17 மணி நேரம். அதில் வாய்ஸ் மெசேஜ் கேட்டுப் பதில் போட்டது மட்டும் ஆறரை மணி நேரம். நான் தினமும் முழுகிக்கொண்டிருந்தது அங்கேதான். ஒரு ஆளைக்கூடக் குறைக்காமலே குறைக்க முடிந்த பாரம் அது.

அதனால் முதல் வேலை போன்.

இரண்டாவது சிம் ஒன்று வாங்கி, வாட்ஸ்அப் பிசினஸ் போட்டு, அந்த எண்ணை மட்டும் வருகிறவர்களுக்குக் கொடுங்கள். மாலை ஏழு மணிக்குப் பிறகு தானாகப் போகிற மாதிரி ஒரு செய்தி எழுதி வையுங்கள். நான் வைத்திருப்பது இது: "வணக்கம். உங்கள் செய்தி வந்துவிட்டது. நாளைக் காலை 9 முதல் 10 மணிக்குள் பார்த்து நேரம் சொல்கிறேன். மனசு தாங்க முடியாமல் இருந்தால், உயிருக்கு ஆபத்தாகத் தோன்றினால் காத்திருக்க வேண்டாம். 14416 டெலி மானஸ், இரவு பகல் எப்போதும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உடனே ஆஸ்பத்திரி போக 108." டெலி மானஸ், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநலத் தொலைபேசி உதவி. இரவு இரண்டு மணிக்கு நம்மைவிட அங்கே விழித்திருப்பவர்தான் அந்த நேரத்துக்கு உதவ முடியும்.

வாய்ஸ் மெசேஜுக்கு ஒரு வழி செய்தேன். "அனுப்புங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா நான் தனியா கேட்க மாட்டேன். அடுத்த செஷன்ல நீங்க பக்கத்துல இருக்கும்போது ரெண்டு பேருமா கேட்போம்" என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். கீழக்கரையிலிருந்து வரும் ஒரு லாத்தா (அங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), கணவர் வளைகுடாவில் இருக்கிறார், இரவு பதினொரு மணிக்கு அவர் போன் பேசி வைத்ததும் எனக்குப் பத்து நிமிடம் பேசி அனுப்புவார். இப்போது அதைச் செஷனில் போட்டுக் கேட்கிறோம். தன் குரலைத் தானே கேட்டுவிட்டு, "நான் இவ்வளவு கெஞ்சுறேனா?" என்று ஒருநாள் கேட்டார். நான் தனியாகக் கேட்டுப் பதில் போட்டிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

இதில் ஒரு எச்சரிக்கை. தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் யார் யார் என்று பார்க்காமல் போனை அணைக்காதீர்கள். ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: அந்த எண்ணம் வருவதற்கு முன் தெரியும் அறிகுறி, அப்போது செய்யக்கூடியது, கூப்பிடக்கூடிய இரண்டு பேர், வீட்டிலிருந்து அப்புறப்படுத்த வேண்டிய பூச்சிமருந்து, மாத்திரை. ஒரு நகல் அவரிடம், ஒன்று உங்கள் பைலில். இதைச் செய்து முடித்த பிறகுதான் ஏழு மணி என்ற கோடு போட நமக்கு உரிமை வருகிறது.

அடுத்தது நோட்ஸ். என் அப்பா பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருந்தவர். கரைக்கு வந்து மீனைக் கொடுத்த கையோடு வலையை உதறி, கிழிந்த இடத்தைப் பார்த்து ஒரு துணியைக் கட்டி அடையாளம் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். எவ்வளவு பசி இருந்தாலும் சரி. "ஈரத்தோட சுருட்டிப் போட்டா நாளைக்கு எங்க கிழிஞ்சதுன்னே தெரியாது தாயி" என்பார். நான் செய்துகொண்டிருந்தது ஈரத்தோடு சுருட்டிப் போடுகிற வேலைதான். ஆறு பேரையும் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய், இரவு பத்து மணிக்கு ஆறு பேருக்கும் சேர்த்து எழுதினால் யார் அழுதது எதற்காக என்று கலந்துபோகும். அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது அப்படித்தான்.

இப்போது செஷன் 50 நிமிடம், அடுத்த ஆள் 70 ஆவது நிமிடத்தில். இடையில் இருக்கும் 20 நிமிடம் யாருக்கும் கிடையாது. நான்கு வரி எழுதுகிறேன்: இன்று எதைப் பேசினோம், எதைப் பேசாமல் விட்டோம், ஆபத்து ஏதும் உண்டா, அடுத்த முறை எங்கிருந்து தொடங்க வேண்டும். ஐந்தாவதாக ஒரு வரி தனித்தாளில், எனக்காக: "நெஞ்சு கனமாக இருக்கிறது, என் தங்கை ஞாபகம் வந்தது." அந்தத் தாளை அன்றைக்கே கிழித்துப் போடுகிறேன். அப்புறம் எழுந்து முகம் கழுவி, ஜன்னலைத் திறந்து நிற்கிறேன். கச்சான் காற்று மாதங்களில் மேசையெல்லாம் மணல் படியும், பரவாயில்லை, துடைத்துக்கொள்ளலாம். அடுத்தவரின் பைலைத் திறந்து, அவர் பெயரையும் வீட்டில் இருப்பவர்கள் பெயரையும் வாய்விட்டு ஒருமுறை படித்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன். இப்படிச் செய்தால் நாளொன்றுக்கு ஆறு பேர் முடியாது, ஐந்துதான். அந்த ஒரு ஆளைக் குறைத்தது எனக்குச் சரியாகவே படுகிறது.

நகரத்தில் இருப்பவர்களுக்கு இல்லாத ஒன்று நமக்கு உண்டு. மீன் கடையில், மருந்துக் கடையில், கல்யாண வீட்டில் நம்மிடம் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்போம். பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, "மேடம், நேத்து மறுபடி குடிச்சிட்டு வந்துட்டாரு" என்று தொடங்குவார்கள். வேலை முடிந்தது என்று எந்த இடத்திலும் சொல்ல முடியாத நிலை இது. இதற்கும் முதல் நாளே பேசி வைக்க வேண்டும்: "வெளியில பார்த்தா நானா வந்து பேச மாட்டேன். நீங்க சிரிச்சா சிரிப்பேன். உங்க விஷயம் இந்த ரூமுக்குள்ளதான்." அப்படியும் கேட்டால் ஒரே வாக்கியம் போதும்: "இங்க வேண்டாம்மா, வெள்ளிக்கிழமை நிதானமா உட்கார்ந்து பேசுவோம்." நாளைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். "அப்புறம் பேசலாம்" என்றால் அவருக்குத் தள்ளிவிட்ட மாதிரி இருக்கும்.

காலண்டரை இந்தக் கரைக்குத் தக்கபடி போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது, சண்டை கூடும். அதே மாதங்களில் பரீட்சை முடிவுகளும் வரும். அந்த இரண்டு மாதமும் கூட்டமும் அதிகம், வரும் பீஸும் குறைவு. முன்பு ஒவ்வொருவர் வாசலில் நின்று தயங்கும்போதும் பீஸைக் குறைப்பதா என்று நான் அந்த இடத்திலேயே முடிவெடுப்பேன், அதுவே ஒரு தனிக் களைப்பு. இப்போது வாரத்துக்கு நான்கு இடம் குறைந்த பீஸுக்கு என்று வருடத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுகிறேன், தடைக்காலத்தில் ஆறு. அவை நிறைந்துவிட்டால், மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்க்கலாம் என்று சொல்லி, எந்த நாள், எந்த அறை என்று தாளில் எழுதிக் கொடுக்கிறேன். மீனவர்கள் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட செய்தி வந்தால் அந்த வாரம் இரண்டு நேரத்தைக் காலியாகவே வைக்கிறேன். யாராவது கட்டாயம் வருவார்கள்.

நமக்கு உரியதல்லாத பாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனநலம் சரியாக வேண்டி ஆட்களைக் கூட்டி வரும் தர்கா உள்ள ஏர்வாடி நமக்குப் பக்கம். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அந்த நினைவு இந்த மாவட்டத்தில் மனநல வேலை செய்யும் எவருக்கும் நெஞ்சில் இருக்கும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. இன்றும் தர்காவுக்கு அழைத்து வந்தவரை அப்படியே என் வாசலுக்கும் கூட்டி வருகிற குடும்பங்கள் உண்டு: காதில் குரல் கேட்கிறது, பத்து நாளாகத் தூக்கமில்லை, சாப்பாட்டில் விஷம் என்கிறார். தொடக்க வருடங்களில் பரிதாபப்பட்டு நானே பேசிப் பார்ப்பேன். தவறு. அவருக்கு வேண்டியது மனநல மருத்துவர், மருந்து. நான் செய்ய வேண்டியது போன் போட்டு நேரம் வாங்கி, அவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்று மறுநாள் ஒருமுறை கேட்பது. வேண்டுதலை நிறுத்தச் சொல்லத் தேவையில்லை, துவாவும் மருந்தும் ஒன்றாகப் போகலாம் என்று சொன்னால் குடும்பம் கேட்கிறது.

குழந்தைக்கு நடந்த பாலியல் கொடுமை தெரிய வந்தால் அதையும் தனியாகச் சுமக்காதீர்கள். 2012 போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம், 1098 குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது. ரகசியம் காப்பதற்கு இப்படியான விலக்குகள் உண்டு என்பதை முதல் செஷனிலேயே சொல்லியிருந்தால் பிறகு மனசு உடைந்து தவிக்க வேண்டியதில்லை.

நம் பாரத்தைக் கேட்க ஒரு ஆள் வேண்டும். இங்கே சக கவுன்சிலர்கள் குறைவு. நான் மதுரையில் இருக்கும் ஒரு மூத்த கவுன்சிலர் அக்காவோடு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் வீடியோவில் பேசுகிறேன், அதற்குப் பீஸும் கொடுக்கிறேன். பீஸ் கொடுப்பதால் தள்ளிப்போட மாட்டேன். ஊர், தொழில், வயது மாற்றிச் சொல்வேன். "நாட்டுப்படகுக்காரர், மூன்று பெண் பிள்ளைகள், மண்டபம்" என்று சொன்னாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் இல்லையா?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் இந்த வேலைச் சோர்வுக்கு மூன்று அடையாளம் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையின் மேல் ஒட்டுதல் விட்டுப்போவது அல்லது கசப்பு வருவது, செய்வது எதுவும் உருப்படியாகவில்லை என்ற எண்ணம். இதில் இரண்டாவதைக் கூர்ந்து பாருங்கள். ஒருவர் வரவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக இருந்தால், அது ஒருநாள் என்றால் சரி. தொடர்ந்து மூன்று வாரம் என்றால் புது ஆட்களை நிறுத்துங்கள். இருப்பவர்களை விட்டுவிட வேண்டாம். புதிதாகக் கேட்பவரிடம், "இந்த மாசம் புதுசா யாரையும் எடுக்கல. அவசரம் இல்லைன்னா அடுத்த மாசம் அஞ்சாம் தேதி நானே கூப்பிடுறேன், அவசரம்னா இந்த நம்பர்" என்று சொல்லி, ஐந்தாம் தேதி மறக்காமல் கூப்பிடுங்கள். தூக்கமே இல்லை, அழுகை நிற்கவில்லை என்றால் நீங்களே ஒரு மருத்துவரிடம் போங்கள்.

தங்கச்சிமடத்து அம்மாவிடம் அடுத்த வாரமே மன்னிப்புக் கேட்டேன், என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் தொடர்ந்து பதினொரு மாதம் வந்தார். கடைசி நாளில் பையனையும் கூட்டிவந்து, "இவன்தான் மேடம்" என்று என் முன்னால் நிறுத்தினார்.